609 முதல் 615 வரை

கவிநிலா ஜெயித்துக்கொண்டே இருந்தாள் என்பதற்காக நான் அவளைச் சந்தேகப்படவில்லை. ஜெயித்த பிறகு அவள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு உறுத்தியது. பத்தொன்பது வயதுப் பெண், மாநில அரையிறுதியில் தன்னந்தனியாக நான்கு பேரைச் சுட்டு வீழ்த்துகிறாள். ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறாள். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்கிறாள். அவ்வளவுதான். மடியில் கனம் இருப்பவர்கள்தான் இவ்வளவு நிதானமாக நடப்பார்கள் என்று நினைத்தேன்.

என் பெயர் பூபதிராஜன். கோவை அவினாசி சாலையில் இருக்கும் மின்விளையாட்டு அரங்கத்தில் ஏழு வருடமாகத் தலைமை நடுவர். சந்தேகப்படுவதுதான் என் உத்தியோகம். வீட்டிலும் அதே புத்திதான். தயிர் புளித்துவிட்டது என்று மனைவி சொன்னால், எப்போதிலிருந்து என்று கேட்கிற ஆள் நான்.

எங்கள் அரங்கத்தில் நடப்பது 'மதில்' என்கிற ஆட்டம். ஐந்து ஐந்து பேராக இரண்டு அணிகள் ஓர் இடிந்த கோட்டைக்குள் ஒருவரையொருவர் தேடிச் சுட வேண்டும். தூணுக்கும் சுவருக்கும் பின்னால் ஒளிந்து நிற்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. சுவருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று காட்டிக்கொடுக்கும் திருட்டு மென்பொருள்களும் சந்தையில் உண்டு. நாங்கள் அதை 'எக்ஸ்ரே' என்போம். எக்ஸ்ரே போட்டவர்களைப் பிடிப்பது என் வேலை.

ஆட்டத்துக்கு முன்பு போட்டியாளர்களின் மானிட்டர் நாற்பதையும் நானே நேரில் நின்று சோதிப்பேன். இந்தக் காலத்து மானிட்டர்கள் படம் வழுக்கிக்கொண்டு போவதற்காகத் தங்கள் பங்குக்கும் சில படங்களை வரைந்து சேர்க்கும். வீட்டில் ஆடுகிறவர்களுக்கு அது சுகம். போட்டியில் அதற்கு இடமில்லை. நசீமா அந்த வசதியை அணைப்பார், நான் அதன்மேல் முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போடுவேன். நசீமா எங்கள் அரங்கத்தின் கருவிப் பொறியாளர். வீடு கரும்புக்கடைப் பகுதியில். அதிகம் பேசமாட்டார்.

அரையிறுதி முடிந்ததும் நடுவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அந்த அறையின் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கும். கூட்டித் துடைக்கிறவர்கூட நான் வாசலில் நிற்கும்போதுதான் துடைக்க வேண்டும். உள்ளே ஒரே ஒரு நாற்காலி, அதற்கு எதிரே ஒரு பெரிய மானிட்டர். நொடிக்குத் தொள்ளாயிரத்து அறுபது படம் காட்டக்கூடியது. போன வருடம் அரங்கத்தைப் புதுப்பித்தபோது வந்தது. எத்தனை படமோ அத்தனை உண்மை என்பது என் கட்சி. அதன் ஓரத்தில் இருக்கும் திருகைத் திருப்பினால் ஆட்டம் ஒவ்வொரு படமாக நின்று நின்று நகரும். நான் குறித்த இடத்திலிருந்து எண்ணி, மூலையில் படத்தின் எண்ணும் ஓடும்.

நடுவருக்கு ஒரு சலுகை உண்டு. ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கும்போது, சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஆள் சிவப்புக் கோட்டு உருவமாக எனக்குத் தெரிவார். ஆட்டக்காரருக்குத் தெரியாது. திரையின் நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறி இருக்கும், ஆட்டக்காரர்கள் அதை 'எய்ம்' என்பார்கள். நேர்மையானவரின் எய்ம் அந்தச் சிவப்பு உருவத்தைச் சட்டை செய்யாது. எக்ஸ்ரே போட்டவனின் எய்மும் சட்டை செய்யாதது மாதிரி நடிக்கும். ஆனால் எங்கேயாவது ஓரிடத்தில், ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் போய்விட்டுச் சட்டென்று திரும்பிவிடும். அந்த நடுக்கத்தைக் கண்டுபிடித்தவன் நான். 'பூபதி நடுக்கம்' என்று மற்ற ஊர் நடுவர்கள் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். அந்த மானிட்டர் வந்த ஒரு வருடத்தில் மட்டும் பதினொரு பேரை அதை வைத்தே வெளியே அனுப்பியிருந்தேன்.

கவிநிலாவின் ஆட்டத்தை இரண்டு மணி நேரம் பார்த்தேன். ஆறாவது சுற்றில், வடக்கு வாசலில் ஒரு தூணுக்குப் பின்னால் எதிரி நிற்கிறான். அவன் இன்னும் வெளியே வரவில்லை. திருகைத் திருப்பினேன். 608இல் எய்ம் சுவர்மேல் இருக்கிறது. 609இல் தூணை நோக்கி நகர்கிறது. 610, 611, இன்னும் கொஞ்சம். 615இல் திரும்புகிறது. 616இல் பழையபடி சுவர்மேல்.

"மாட்டுனயா" என்று வாய்விட்டே சொன்னேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எனக்குக் கூசுகிறது.

மறுநாள் காலை விசாரணைக்குக் கூப்பிட்டேன். கவிநிலாவோடு அவள் அம்மா சாந்தாமணியும் வந்திருந்தார். பம்ப்செட் கம்பெனியின் நீலச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டிருந்தார். வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"தூணுக்குப் பின்னால ஆள் நிக்கறது உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஆரம்பித்தேன்.

"தெரியாதுங்க சார். அவன் தோள் வெளிய வந்தப்பதான் சுட்டனுங்க."

"அதுக்கு முன்னாடியே உன் கை அங்க போயிருக்கே."

"போகலீங்க சார்."

"எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க."

நடுவர் அறைக்குக் கூட்டிப்போனேன். நான் நாற்காலியில் உட்கார்ந்து, அவர்களைப் பின்னால் நிற்கவைத்துப் போட்டுக் காட்டினேன். 608, 609, 610. மூன்று தடவை காட்டினேன். முதல் தடவை பார்த்து இல்லை என்று தலையாட்டினாள். இரண்டாவது தடவை கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். மூன்றாவது தடவை திரையைப் பார்க்கவில்லை, தன் வலது கையைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படித் திருப்புன மாதிரி எனக்கு நெனப்பே இல்லீங்க சார்."

"நெனப்பு இருக்காதும்மா. கை தானா போகும். அதனாலதான் மாட்டிக்குது."

பதில் சட்டென்று வந்து விழுந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சாந்தாமணி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார். "ஏனுங்க, நானும் இன்ஸ்பெக்சன்லதானுங்க இருக்கறேன். ஒரு பீசு அளவு தப்பா வந்துச்சுன்னா, மொதல்ல அளக்கற கேஜைத்தான் செக் பண்ணுவோம். அப்பறந்தான் பீசை ஒதுக்குவோம். உங்க டிவியச் செக் பண்ணிட்டீங்களா?"

"அம்மா, இது பம்ப் இல்லீங்க" என்றேன்.

"காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு சொல்லியிருக்காங்க. சென்னை ஃபைனல்ல ஆடுனா உறுதின்னாங்க. அதுக்குப் பத்து நாள்தானுங்க இருக்குது."

"அதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?"

எக்ஸ்ரேவுக்குத் தண்டனை ஆயுள் தடை. ஏழு நாளைக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தால் இரண்டு வருடமாகக் குறையும் என்று எங்கள் விளையாட்டுச் சங்கத்தில் ஒரு வழக்கம். அதையும் சொல்லி அனுப்பினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். படி இறங்கும்போது அந்தப் பெண் விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாகப் போனாள். அதைப் பார்த்து என் சந்தேகம் இன்னும் உறுதிப்பட்டது. குற்றவாளியின் கை சும்மா இருக்காதே.

ஐந்தாவது நாள் நசீமா வந்து கதவைத் தட்டினார்.

"சார், ஒரு சின்ன டவுட்டு."

"டவுட்டுல சின்னது பெருசு கிடையாதும்மா. சொல்லுங்க."

"ஆயுள் தடைங்கறதால படத்தையும் சேத்து அனுப்பச் சொல்லிச் சென்னையிலேர்ந்து மெயில் வந்திருக்கு. நீங்க ரிப்போர்ட்டுல 609 முதல் 615 வரைன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் படமெல்லாம் ஃபைல்ல இல்லையே சார்."

"இல்லையா? யாரு அழிச்சாங்க?"

"யாரும் அழிக்கல சார். சர்வர்ல ஒரு செகண்டுக்கு நூத்தி இருபது படந்தான் பதிவாகுது. நீங்க குறிச்ச அந்த ஒரு செகண்டுல 609னு ஒரு படமே கிடையாது."

என் மனதில் முதலில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். விசாரணை அன்று கேன்டீனில் நசீமாவும் சாந்தாமணியும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தேன். அப்போதே குறித்துவைத்தேன். இப்போது கணக்கு சரியாக வந்தது. ஃபைலில் கைவைத்துவிட்டு என்னிடம் வந்து ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறார்.

"அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

நசீமாவின் முகம் மாறிவிட்டது. "அந்தம்மா அழுதுட்டிருந்தாங்க சார். டீ வாங்கிக் குடுத்தேன். டீ வாங்கிக் குடுத்தா சொந்தமா?"

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல ஒரு ஆட்டம் இருக்கு. ஆடறது யாருன்னு சொல்ல மாட்டேன். சுத்தமா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அதுக்கப்பறம் என் மேல என்ன ரிப்போர்ட் வேணும்னாலும் எழுதுங்க."

விடுவேனா? அங்கேயே போட்டுப் பார்த்தேன். அவர் எனக்குப் பின்னால் கதவோரமாக நின்றார். ஆடியவன் ஒன்றும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. சுவரில் முட்டிக்கொண்டான், தன் அணிக்காரனையே ஒரு தடவை சுட்டான். ஆனால் பத்தே நிமிடத்தில் நடுக்கம் கிடைத்துவிட்டது, அதுவும் மூன்று இடத்தில். சிவப்பு உருவம் இருக்கும் பக்கம் எய்ம் போகிறது, திரும்புகிறது.

"பழைய திருடன்" என்றேன். "ஆடத் தெரியாததால எக்ஸ்ரே போட்டிருக்கான். போட்டும் உருப்படல."

"நிச்சயமா சார்?"

"என் பேர வெச்ச நடுக்கம்மா இது. எனக்குத் தெரியாதா?"

"ஆயுத பூஜை அன்னைக்குப் பூஜை முடிஞ்சதும் ஸ்டாஃப் எல்லாரும் சேந்து ஆடுனோமே சார். நீங்க பச்சை டீமு." திரையைக் காட்டிச் சொன்னார். "அது நீங்கதான்."

ஒரு நொடி, நான் எப்போது எக்ஸ்ரே போட்டேன் என்று யோசித்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், உண்மையாகவே யோசித்தேன். அன்று என் கணினியில் யாராவது எதையாவது ஏற்றியிருப்பார்களோ? எனக்கே தெரியாமல் என் கை அப்படிப் போயிருக்குமோ? நாற்பத்து நான்கு வயதில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, சுண்டல் தின்றுகொண்டே ஆடிய ஆட்டம் அது. அப்படியும் திரையில் பார்த்ததைத்தான் என்னால் நம்ப முடிந்தது, என்னை நம்ப முடியவில்லை.

"உங்க மானிட்டர ஒரு தடவ நான் தொடலாமா சார்?" என்று நசீமா கேட்டார். "மாட்டுன அன்னைக்கே கேட்டேன். ப்ளேயருங்களோடத செட் பண்ற மாதிரி இதையும் பண்ணிடறேன்னேன். நடுவர் ரூமுக்குள்ள யாரும் கை வெக்கக் கூடாதுன்னு சொல்லிச் சாவிய வாங்கிட்டீங்க."

வாங்கினேன்தான். யாராவது உள்ளே புகுந்து எதையாவது மாற்றிவிடுவார்கள் என்று பயம். நாற்பது மானிட்டரில் என் கையெழுத்து இருந்தது. நாற்பத்தொன்றாவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என்னுடையதாயிற்றே.

எழுந்து இடம்விட்டேன். நசீமா திரையில் எதையோ தேடித் திறந்தார்.

"பாருங்க, ஆன்லயே இருக்கு. கடையிலேர்ந்து வந்த மாதிரியே. கேம் குடுக்கறது நூத்தி இருபது படம். இது காட்டறது தொள்ளாயிரத்து அறுபது. ஒரு நெசப் படத்துக்கும் அடுத்த நெசப் படத்துக்கும் நடுவுல ஏழு படத்த இதுவே வரைஞ்சு போடுது. மூலையில ஓடற நம்பரும் மானிட்டரோடது, ஃபைலோடது இல்ல. நீங்க எழுதுன 608 எழுபத்தாறாவது நெசப் படம். 616 எழுபத்தேழாவது. நடுவுல இருக்கற ஏழும் இது வரைஞ்சது."

"வரையட்டும். ரெண்டு படத்துக்கும் நடுவுல இருக்கறதத்தானே வரையணும்? ரெண்டுலயும் எய்ம் சுவத்து மேல இருக்கு. நடுவுல மட்டும் தூணுப் பக்கம் எப்படிப் போகும்?"

"பழைய மானிட்டர்னா போகாது சார். இது புது மாடல். கீழ ஒரு கண்ணு இருக்கு பாருங்க." திரையின் அடிவிளிம்பில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. ஒரு வருடமாக எனக்கு எதிரே இருந்திருக்கிறது. "உக்காந்திருக்கறவரு எங்க பாக்கறாருன்னு இது பாத்துட்டே இருக்கும். படம் வழுவழுன்னு போகுதுன்னு எப்ப சார் தோணும்? நம்ம கண்ணு போற பக்கமே படமும் வந்தாத்தான். கண்ணு ஒரு பக்கம் படம் ஒரு பக்கம்னா வெட்டி வெட்டிப் போற மாதிரி இருக்கும். அதனால கண்ணு போற பக்கமா லேசா இழுத்து வரையுது."

எனக்குப் புரிய ஆரம்பித்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருக்குமே என்றும் இருந்தது.

"தூணுக்குப் பின்னால ஆள் இருக்கறது அந்தப் பொண்ணுக்குத் தெரியாது" என்றார் நசீமா. "உங்களுக்குத் தெரியும். சிவப்புக் கோடு உங்களுக்குத்தான் தெரியுது. எய்மப் பாக்கறீங்க, தூணப் பாக்கறீங்க, மறுபடி எய்மப் பாக்கறீங்க. நடுங்குனது அந்தப் பொண்ணு கை இல்ல சார். உங்க கண்ணு."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். காமாலைக்காரனுக்காவது மஞ்சள் அவன் கண்ணோடு போகும். நான் அதைத் திரையில் வரையவைத்து, மற்றவர்களுக்கும் காட்டி, முத்திரை குத்தியிருக்கிறேன்.

நசீமா அந்த வசதியை அணைத்தார். வடக்கு வாசலை மறுபடி போட்டார். எழுபத்தாறு, எழுபத்தேழு. எய்ம் சுவர்மேல் ஆணி அடித்த மாதிரி நின்றது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்க்கிறவன் கண் எங்கே போனாலும் அது அசையவில்லை. பதினொரு பேரின் ஃபைல்களும் அலமாரியில்தான் இருந்தன. அன்று அவற்றை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"நசீமா, உங்களைப் போய்க் கேட்டேன் பாருங்க" என்று இழுத்தேன்.

"அதை விடுங்க சார். மொதல்ல அந்தப் பொண்ணு" என்றார்.

சங்கச் செயலாளருக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கொஞ்சமும் அதிரவில்லை.

"ஆனைக்கும் அடி சறுக்கும், விடுங்க பூபதி. ஆனா இப்ப என்ன பண்றது? அந்தப் புள்ள நேத்தே ஒத்துக்கிட்டு லெட்டர் குடுத்துருச்சே."

"என்ன லெட்டர்?"

"எக்ஸ்ரே போட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு. மெஷின் தப்புன்னு நீங்க சொல்றீங்க. சரி. லெட்டர் எழுதுனதும் மெஷினா?"

"பயந்து எழுதியிருக்கும்ங்க."

"அப்படின்னா வாபஸ்னு ஒரு லெட்டர்ல அதே கையால கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க. சென்னையில நாளைக்குப் பத்து மணிக்குப் பேரு லிஸ்ட மூடறாங்க. அதுக்குள்ள வந்தா சேத்துக்கலாம். வரலைன்னா ரெண்டு வருஷம் ரெண்டு வருஷந்தான்."

ஆக, நான் செய்த தப்பைத் திருத்த எனக்கே அதிகாரம் இல்லை. அவள் கையெழுத்து வேண்டும்.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நசீமா தடுத்தார். "திரையக் கொண்டுபோய்க் காட்டாதீங்க சார். பேப்பர்ல அச்சடிச்சுத் தரேன். பேப்பர் நடுவுல எதையும் வரையாது." எழுபத்தொன்றாவது படம் முதல் நூற்றுப்பத்தாவது வரை நாற்பது தாள், ஒவ்வொன்றின் அடியிலும் எண் போட்டுக் கொடுத்தார்.

ஒண்டிப்புதூரில் வரிசை வீடுகளில் மூன்றாவது அவர்களுடையது. சாந்தாமணி கதவைத் திறந்தார், வாங்க என்று சொல்லவில்லை. கவிநிலா உள்ளே சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் கணினி மேஜையைப் போர்வையால் மூடியிருந்தார்கள். நான் தப்பு செய்துவிட்டேன், நீ எக்ஸ்ரே போடவில்லை என்று எடுத்த எடுப்பில் சொன்னேன். மானிட்டர் கதையையும் என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன்.

"இல்லீங்க சார்" என்றாள் கவிநிலா. "நானே பாத்தனுங்களே. என் எய்ம் போச்சுங்க."

"எக்ஸ்ரே போட்டியா?"

"போடலீங்க."

"அப்பறம் ஏம்மா எழுதிக் குடுத்த?"

"கை போயிருக்குதுங்களே. எனக்கே தெரியாம வேற என்னென்ன பண்ணியிருக்கனோ."

சாந்தாமணி டீ கொண்டுவந்து வைத்தார். கவிநிலா டம்ளரை இடது கையால் எடுத்தாள். வலது கைக்காரி அவள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். முன்னறையில் ஆரம்பித்துச் சமையலறை வாசல்வரை போயின. மண்டிபோட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"இது எழுபத்தாறு. எய்ம் எங்க இருக்கு? சுவத்து மேல. இது எழுபத்தேழு. அதே எடம். எழுபத்தெட்டு, எழுபத்தொம்போது, அசையவே இல்ல. எண்பதுல அவன் தோள் வெளிய வருது, பாத்தியா? இப்பக்கூட உன் கை சும்மாதான் இருக்கு." சமையலறைப் பக்கம் நகர்ந்தேன். "இது நூத்தி ரெண்டு. இங்கதான் திருப்பற. இருபத்திரெண்டு படம் தள்ளி. நூத்தி எண்பத்திமூணு மில்லிசெகண்ட். பாத்துட்டுத் திருப்புன கைதாம்மா இது. நல்ல கை. இந்த ஏழு வருஷத்துல நான் பாத்ததுலயே நல்ல கை."

"அப்ப எம்புள்ள பண்ணுலீங்களா?" என்று சாந்தாமணி கேட்டார்.

"பண்ணலீங்கம்மா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நானே கேட்டுப்போட்டனுங்க. நெசத்தச் சொல்லு, போட்டயா இல்லையான்னு, ராவும் பகலும் கேட்டுப்போட்டனுங்க. பெத்தவ நானே நம்புலீங்களே." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கவிநிலா எழுந்து வந்தாள். தாள்களை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து, ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தாள். நூற்றுப்பத்துவரை போனாள். திரும்பி வந்து எழுபத்தாறுக்கும் எழுபத்தேழுக்கும் எதிரே உட்கார்ந்தாள். நான் எழுதிக் கொண்டுவந்திருந்த வாபஸ் கடிதத்தையும் பேனாவையும் அவள் பக்கமாக நகர்த்தினேன். மறுநாள் பத்து மணிக்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது. கையெழுத்து வாங்கிவிட்டால் அன்றே அனுப்பிவிடலாம்.

அவள் பேனாவை எடுத்தாள், வலது கையால்தான் எடுத்தாள். எனக்கு உயிர் வந்தது. கடிதத்தை முழுக்கப் படித்தாள். பிறகு அந்த இரண்டு தாளுக்கும் நடுவே இருந்த விரற்கடை இடைவெளியில் பேனா முனையை வைத்தாள்.

"அன்னைக்கு இங்க ஏழு படம் இருந்துச்சுங்க சார்."

"அது நெசமில்லம்மா. அதத்தானே சொன்னேன்."

"அன்னைக்கு அதுதான் நெசம்னீங்க. நம்புனனுங்க."

"ஆமா. தப்பு என்னுது."

"இந்த நம்பரெல்லாம் யாருங்க போட்டது?"

"நாங்கதான். அரங்கத்துல."

அவள் தாள்களின் வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள். பேனாவை மூடிக் கடிதத்தின்மேல் வைத்தாள்.

"நடுவுல இருந்து எத்தன தாள உருவிப்போட்டு நம்பர் போட்டீங்க சார்?"

அவள் குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஏழு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் மற்றவர்களைக் கேட்டுவந்த ரகக் கேள்வி அது. அதற்கு யார் என்ன பதில் சொல்லியும் நான் ஒருநாளும் நம்பியதில்லை.